நன்றாக இருந்த மனிதரைக் கண்டு பயந்த நாள்

காசிமேட்டில் மீன்காரம்மா ஒரு வவ்வால் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செவுள் நல்ல சிவப்பு. வாங்குவது என்று முடிவு செய்திருந்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

வசந்தி. என்னிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவள். இன்று, நான் ஓய்வு பெற்ற ஆராய்ச்சி நிலையத்தில் கதிர்வீச்சு அளவைப் பிரிவின் தலைவி. எப்போது கூப்பிட்டாலும் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். அன்று கேட்கவில்லை.

"மேடம், ஒரு பேட்ஜ் படிச்சிருக்கோம்" என்றாள். ஓர் எண்ணைச் சொன்னாள்.

திரும்பச் சொல்லச் சொன்னேன். அதே எண். மீன்காரம்மாவிடம் வேண்டாம் என்று கையசைத்தேன்.

"செவுளத் தொறந்து காட்டினப்பறம் வேணான்றியே, நல்லாகீதா இது?" என்றாள் அவள். நல்லாயில்லைதான்.

கதிர்வீச்சு வேலை செய்பவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் சின்ன பிளாஸ்டிக் அட்டைதான் பேட்ஜ். உள்ளே மூன்று வெள்ளை வில்லைகள். சில மாதங்களுக்கு ஒரு முறை கழற்றி அனுப்பிவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்வார்கள். பழையதைச் சூடேற்றினால், அது வாங்கியிருக்கும் கதிர்வீச்சுக்கு ஏற்ப வில்லைகள் ஒளிரும். பெரும்பாலும் ஒளிர்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். இந்த மூன்றும் அடுப்புக் கங்குபோல ஒளிர்ந்திருந்தன.

எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. கட்டுரையில் எண் வந்தால் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள் என்பது பத்திரிகை ஆசிரியரின் கட்சி. பொருளை மட்டும் சொல்கிறேன். அவ்வளவும் ஓர் உடம்பில் விழுந்திருந்தால் அந்த உடம்பு படுத்துவிடும். எழுந்திருக்காமலும் போகலாம்.

பேட்ஜுக்கு உரியவர் பெயர் சூசைராஜ். குழாய்களின் வெல்டிங்கை ஊடுருவிப் படமெடுக்கும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் எண்ணூர் பக்கம் வேலை. கொருக்குப்பேட்டையில் வீடு. அவர் போனை எடுக்கவில்லை. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி எடுத்தார். அவர் ஏதோ கல்யாணத்தில் இருந்ததால் நாதஸ்வரம் மட்டும்தான் கேட்டது.

"நீங்க ராயபுரத்துலதானே மேடம் இருக்கீங்க?" என்றாள் வசந்தி.

இப்படிப்பட்ட நேரத்தில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், யார் எங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரு நடைமுறை உண்டு. அதை எழுதிய குழுவுக்கு நான்தான் தலைவி. அதன்படி கம்பெனிக்கு எழுத்துமூலம் தெரிவித்து, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கு அதில் எந்த வேலையும் இல்லை. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான்.

ஆட்டோவை நிறுத்தினேன்.

பயந்தே பதவி உயர்ந்தது

என் அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். இரும்புக் கயிறு அறுந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விளக்குவார். நான் இயற்பியல் படித்ததற்குச் சிறுவயதிலிருந்தே வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து வியந்ததுதான் காரணம் என்று பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ராயபுரத்து வானத்தில் அப்போதும் நட்சத்திரங்கள் அதிகம் தெரியாது. அறுந்த கயிறு எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

வேலைக்கான நேர்காணலில் ஐந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதிர்வீச்சுப் பிரிவு பெண்களுக்கு ஒத்துவருமா, நாளைக்குக் குழந்தை குட்டி என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். உங்களுக்குக் குழந்தைகள் இல்லையா சார் என்று கேட்டேன். மூன்று பேர் என்றார். வேலை கிடைத்தது. ஜன்னல் இல்லாத அறையும் கிடைத்தது.

மகளிர் தின விழாக்களில் தலைமைப் பண்பின் ரகசியம் என்ன என்று கேட்பார்கள். விடாமுயற்சி என்பேன். கைதட்டுவார்கள். ரகசியம் பயம்தான். மற்றவர்கள் ஒரு முறை பார்த்ததை நான் இரண்டு முறை பார்த்தேன், பயந்து. அதற்கு அலுவலகத்தில் நுணுக்கம் என்று பெயர் வைத்து, ஆராய்ச்சியாளர், பிரிவுத் தலைவி, கடைசியில் இயக்குநர் என்று ஏற்றிவிட்டார்கள்.

பயம் எந்த நாளில் தொடங்கியது என்பதும் நினைவிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கோ ஒரு கட்டுமான இடத்தில், கீழே கிடந்த பளபளப்பான இரும்புத் துண்டு ஒன்றை ஒரு வெல்டர் எடுத்து கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விரல்நுனியளவுதான் இருக்கும். அது கதிரை உமிழும் துண்டு என்று அவருக்குத் தெரியாது. அவருடைய ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு, எந்தப் பையில் வைத்திருந்தார், எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதும் வேலை எனக்கு.

வந்த அன்று வாந்தி. மறுநாள் வாந்தி நின்றுவிட்டது. சிரித்தார். பிரியாணி கேட்டார். எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டார். கதிர்வீச்சு நோயில் அப்படி ஒரு பொய்யான நலம் நடுவில் வரும். டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் நன்றாக இருந்த அந்த நாட்களில் பயந்ததுபோல நான் பிறகு எதற்கும் பயந்ததில்லை. அப்புறம் ஒரு நாள் தலையணையில் முடி கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆகவே கொருக்குப்பேட்டைக்கு ஆட்டோவில் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகவே இருந்தது. வாந்தி உண்டா? முடி கொட்டுகிறதா?

சுவருக்கு இந்தப் பக்கம்

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று யாருக்கும் அவசரமில்லாததுபோலப் போனது. கேட்டைத் தாண்டி, சந்துக்குள் விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்தேன். வெளியே பூட்டு. பூட்டைப் பார்த்த பிறகும் கதவைத் தட்டினேன். பதற்றத்தில் அப்படித்தான் செய்வோம்.

பக்கத்து வீட்டுப் பெண் துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"இன்னாம்மா வோணும்? இன்சூரன்ஸா?"

இல்லை, சூசைராஜைப் பார்க்க வேண்டும் என்றேன். ராயபுரத்துக்காரி நான். கூட்டங்களில் நாற்பது வருஷம் பூட்டி வைத்திருந்த பேச்சு அந்தச் சந்தில் தானாக வந்துவிட்டது. அவளுக்கும் முகம் இளகியது. அவர் முகத்துவாரக்குப்பம் பக்கம் டூட்டிக்குப் போய்விட்டார், மனைவி ரீட்டா அம்மா வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாகிறது, மனிதர் தனியாகத்தான் இருக்கிறார் என்று சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒடம்பு சரியில்ல போல கீதும்மா. ஒரே வாந்தி. செவுத்துக்கு இந்தாண்ட கீற எனக்கே கொமட்டுது."

குடிப்பாரா என்று கேட்டேன். அதையெல்லாம் விட்டு வருஷக்கணக்காகிறது என்றாள். துணியைப் பிழிந்து உதறினாள். என் மேல் தண்ணீர் தெறித்தது. மன்னிப்புக் கேட்டாள்.

எண்ணூர் சாலையில்

"எண்ணூரா? இன்னிக்குப் போனா நாளைக்கு வரலாம்" என்றார் ஆட்டோக்காரர். கன்டெய்னர் லாரிகள் சாலையோரம் ஒன்றன் பின் ஒன்றாக எஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. டிரைவர்கள் டயர் நிழலில் படுத்திருந்தார்கள்.

"யார்னா சீரியஸா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"தெரியல நைனா."

"அப்ப சீரியஸ்தான்" என்று சொல்லி, இரண்டு லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்தார்.

திருவொற்றியூரைத் தாண்டும்போது அழுகிய முட்டை வாசனை வந்தது. அப்புறம் தார் வாசனை. ஒன்று முடியும் இடத்தில் இன்னொன்று தொடங்கும். மூக்குக்குத் தெரிகிற ஆபத்து எவ்வளவோ மேல் என்று எங்கள் வகுப்புகளில் சொல்வேன். நம்முடைய ஆபத்துக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, சூடு கிடையாது. அதற்காகத்தான் பேட்ஜ்.

பேட்ஜுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கக்கூட ஒரு குழு போட்டோம். நான் இயக்குநராக இருந்த காலம். கதிரளவு வில்லை என்று ஒரு தரப்பு, கதிர்மானி அட்டை என்று ஒரு தரப்பு. இரண்டு கூட்டம், முந்திரி பிஸ்கட், காரசாரமான விவாதம். முன்னதே வென்றது. சுவரொட்டி அச்சடித்து வேலை நடக்கும் இடங்களுக்கெல்லாம் அனுப்பினோம். ஆட்கள் படித்துப் பார்த்துவிட்டு அதைத் 'தாயத்து' என்றே தொடர்ந்து சொன்னார்கள். தாயத்து போட்டாச்சா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டுதான் வேலைக்குள் இறங்குவார்கள்.

தலைக்கவசம்

முகத்துவாரக்குப்பத்துக்குச் சற்று முன்னால், கழிமுகத்தின் ஓரமாகக் குழாய்கள் வரிசையாகக் கிடந்தன. வாசல் காவலாளியிடம் சொல்லி அனுப்பினேன். சூசைராஜ் வேகமாக நடந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் வாழைக்காய் பஜ்ஜி. மென்றுகொண்டே வந்தவர் என்னைப் பார்த்ததும் அவசரமாக விழுங்கினார்.

"மேடம்! உங்க கிளாஸ்ல நான் ஒக்காந்துகீறேன். இன்னா மேடம், இம்மாந்தூரம்?"

கண்ணில் தெளிவு, நடையில் தெம்பு, வாயில் பசி. பிரியாணி கேட்ட மனிதரும் இப்படித்தான் இருந்தார்.

ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் கழற்றினார்.

மொட்டை.

கிட்டே போய்ப் பார்த்தேன். சவரம் செய்த தலையா, கொட்டிய தலையா? தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். குனிந்து காட்டினார். வழுவழுவென்று இருந்தது. வேளாங்கண்ணிக்கு வேண்டுதல், போய் வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை என்றார். அப்படியானால் அந்தத் தலை எனக்கு எதையும் சொல்லப்போவதில்லை.

"வாந்தி எப்பலேர்ந்து?"

"எனக்கா? எனக்கு இன்னா மேடம் வாந்தி?"

"உன் பக்கத்து வூட்ல சொன்னாங்க சூசை. எங்கிட்ட மறைக்காத."

அவர் முகம் மாறியது. கழிமுகத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். நடைமுறைப்படி கேள்விகளை எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் அளவைச் சொல்ல வேண்டும். நான் சொல்லிவிட்டேன். உன் பேட்ஜ் வாங்கியிருப்பது ஓர் ஆளைச் சாகடிக்கக்கூடிய அளவு என்று, இருக்கிற வார்த்தைகளிலேயே சின்ன வார்த்தைகளாகப் பார்த்துச் சொன்னேன்.

அவர் மிச்ச பஜ்ஜியைக் காகிதத்தோடு மடித்தார். மடித்ததை இன்னொரு முறை மடித்தார்.

"மேடம், அத வேற ஒருத்தங்க மாட்டிகினு இருந்தா?"

"மாட்டினவங்களுக்குத்தான் அந்த அளவு."

அப்படியே தரையில் குந்திவிட்டார். "ரீட்டா" என்றார்.

கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ரீட்டாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். "கரண்ட் வெக்கிறாங்க மேடம்" என்றார். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. கூடவே மருந்தும் ஏற்றுகிறார்கள், அந்த மருந்தால்தான் வாந்தி. சந்தில் இருப்பது ஒரே குழாய். வியாதியின் பெயர் தெரிந்தால் அவளுடைய குடத்தைத் தனியாகத் தள்ளி வைப்பார்கள் என்று அவளுக்குப் பயம். அதனால் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாதபோது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டுகிறார். பூட்டச் சொன்னதே அவள்தான்.

அப்படியென்றால் காலையில் நான் தட்டிய கதவுக்குப் பின்னால் அவள் இருந்திருக்கிறாள். தொண்டையில் குரலே இல்லை மேடம், அவளால் எப்படிப் பதில் குரல் கொடுக்க முடியும் என்றார்.

அந்த பேட்ஜைத்தான் ஒவ்வொரு முறையும் ரீட்டாவின் ரவிக்கைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார். நெக்லஸையும் தோட்டையும் கழற்றச் சொன்ன ஆஸ்பத்திரிக்காரர்கள் இதைப் பார்க்கவில்லை. பழைய பேட்ஜைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டதும், புதிதாகக் கொடுத்ததையும் அவளுக்கே வைத்துவிட்டார்.

தாயத்து என்று சொல்லிச் சொல்லி இவர்கள் நிஜமாகவே நம்பிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்டும் விட்டேன். அது காப்பாற்றாது, கணக்கு மட்டும்தான் எடுக்கும் என்று வகுப்பில் சொன்னேனா இல்லையா?

"தெரியும் மேடம். என்ன அந்த ரூமுக்குள்ள வுட மாட்டாங்க. கதவ மூடிகினு அவள மட்டும் தனியாப் படுக்க வெக்கிறாங்க. எவ்ளோ வாங்குறான்னு கணக்குப் பாக்கவாவது நம்மளோடது ஒண்ணு அவகூடப் போவட்டும்னுதான்."

இதற்கு எந்த நடைமுறையிலும் வரி இல்லை.

தொண்டைக்குக் கொடுத்த கதிரில் சிதறியதுதான் பேட்ஜில் ஏறியிருக்கிறது, டாக்டர்கள் தெரிந்தே கொடுக்கும் அளவுதான் அது, அதனால் ரீட்டாவுக்குப் புதிதாக எந்த ஆபத்தும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நம்புவதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. நம்பியதும் முகத்தைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார். எனக்கும் காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

அப்படியானால் நீ?

மூச்சை முழுதாக விடவில்லை. பேட்ஜ் ரீட்டாவிடம் இருந்தது என்றால், இவ்வளவு நாளும் இவர் எதை மாட்டிக்கொண்டு வேலை செய்தார்?

எதையும் இல்லை.

ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். "ஒரு நாளு சோர்ஸு உள்ள போவல மேடம்" என்றார்.

இந்த வேலையில் கேமரா என்பது கனமான ஓர் இரும்புப் பெட்டி. சோர்ஸ் என்கிற, கதிரை உமிழும் உலோகத் துண்டு அதற்குள், ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் அது குழல் வழியாக வெளியே போய் வெல்டிங்கைப் படமெடுக்கும். திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் வந்து அடங்கும். அடங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கிட்டே போக வேண்டும். அன்று மீட்டர் வண்டியில் இருந்தது. ரீட்டாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக நேரமாகிவிட்ட அவசரம். இவர் நேராகப் போய்க் குழலைக் கழற்றினார். அப்போதுதான் கம்பி முழுதாக உள்ளே போகவில்லை என்று கண்ணில் பட்டது.

"எவ்வளவு நேரம் அதுங்கிட்ட நின்ன?"

"ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும். கரீக்டா தெரியல. பயத்துல ஓடிட்டேன். அப்பறம் தூர நின்னு கைப்பிடியச் சுத்தி உள்ள இழுத்துட்டேன்."

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விசாரணை வரும், பேட்ஜ் எங்கே என்று கேட்பார்கள்.

காலையிலிருந்து நான் பயந்தது நடக்காத ஒன்றுக்கு. பயப்பட வேண்டியதை இப்போது அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அதை அளந்திருக்க வேண்டிய பேட்ஜ் வேறோர் உடம்பை அளந்துகொண்டிருந்தது.

குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கைகளைக் கழுவச் சொன்னேன். கிரீஸ் போன பிறகு விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. தோல் சில சமயம் வாரக்கணக்கில் பொறுத்துத்தான் சொல்லும். பார்த்தவரை ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். ரத்த அணுக்களை வளர்த்து, அவற்றின் குரோமோசோம்கள் உடைந்து தவறாக ஒட்டியிருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாள் பிடிக்கிற வேலை. அந்த நாட்களில் வசந்தி கூப்பிடும்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். பாதுகாப்பு அதிகாரி கல்யாணம் முடித்து வந்து, எல்லாம் நடைமுறைப்படி நடந்தது என்று அறிக்கை கொடுத்தார். சூசைராஜைக் கதிர்வீச்சு இல்லாத, ஒலி அலையால் வெல்டிங்கைச் சோதிக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

சுவர் ஓரம்

ரீட்டாவுக்குச் சிகிச்சை முடியும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒடிசலான பெண். கழுத்துத் தோல் கறுத்து, உரிந்திருந்தது. மேலே வெள்ளைத் துணி. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, காதருகே காற்றாகப் பேசினாள்.

"அன்னிக்குத் தட்டினது நீங்கதானா? நான் கதவாண்டயேதான் நின்னுகினு இருந்தேன்."

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். தடித்த கதவு மெல்ல நகர்ந்து மூடியது. சூசைராஜும் நானும் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அப்போதுதான் வசந்தி கூப்பிட்டாள். சூசைராஜின் ரத்த முடிவு வந்துவிட்டது என்றாள். கண்டறியும் எல்லைக்குக் கீழே.

சொன்னேன். அவர் அந்த வார்த்தைகளை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

"அப்டின்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தமா மேடம்?"

இயக்குநராக இருந்த காலத்தில் இதற்கு என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அஞ்சத் தேவையில்லை என்று முடியும். பத்திரிகைகளுக்குப் பலமுறை கொடுத்திருக்கிறேன்.

"உயிருக்கு ஒண்ணுமில்ல. அது நிச்சயம்" என்றேன். "கொஞ்சம் வாங்கியிருப்ப. அது எவ்ளோன்னு எங்களால பாக்க முடியல."

"இன்னும் நல்ல மிஷின் வெச்சுப் பாத்தா?"

"இல்ல சூசை. அன்னிக்கு உன் மேல பேட்ஜ் இல்ல. இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

தலையாட்டினார். கைகளை விரித்துப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

உள்ளே கதிர் பாய்கிறது என்று கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

சட்டென்று எழுந்தார். "மேடம், கதவுக்கு நேரா ஒக்காராதீங்க. இப்டி வாங்க" என்று என் முழங்கையைப் பிடித்தார்.

அந்தச் சுவர் எவ்வளவு தடிமன் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட சுவர்களுக்குக் கணக்குப் போட்டவள் நான். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் எந்த ஆபத்தும் கிடையாது. எவருக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

கைப்பையை எடுத்துக்கொண்டு அவர் காட்டிய இடத்துக்குப் போனேன். விளக்கு அணையும்வரை இருவரும் சுவரோடு முதுகை ஒட்டி நின்றிருந்தோம்.